ஒன்பதுக்குத் தெரியாதது

எண்களைப் பார்த்து அவள் சிரிப்பாள். முதலில் எனக்கு எரிச்சல் வந்தது அதில்தான். மனுஷர்களைப் பார்த்துச் சிரிக்கலாம், குழந்தையைப் பார்த்துச் சிரிக்கலாம். ஒரு டப்பாவின் அடியில் பொறித்திருக்கும் ஒன்பது இலக்க எண்ணைப் பார்த்து, ரொம்ப நாள் கழித்துச் சொந்தக்காரரைக் கண்ட மாதிரி ஒருத்தி சிரித்தால் பக்கத்தில் நிற்கிறவளுக்கு என்ன தோன்றும்? என்னிடம் இல்லாத ஏதோ ஒன்று இவளிடம் இருக்கிறது என்றுதான் தோன்றும்.

"யாரு பிள்ள நீ?" என்று வேறு அந்த எண்ணிடம் கேட்பாள், வாய்க்குள்ளேயே.

ஒரகடத்தில் ஒரு கம்பெனி. காருக்குள் வைக்கிற கறுப்பு டப்பாக்கள் செய்யும் இடம். லைனில் வரும்போது ஸ்டிக்கர் கிழிந்துபோன டப்பாக்களை எங்கள் ரீவொர்க் மேஜைக்குத் தள்ளிவிடுவார்கள். அடியில் உலோகத்தில் பொறித்திருக்கிற எண்ணைப் படித்து, கம்ப்யூட்டரில் கையால் அடித்து, புது ஸ்டிக்கர் எடுத்து ஒட்டி, தட்டில் கவிழாமல் அடுக்கவேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒரு இலக்கம் தப்பினாலும் அந்த டப்பா வேறு டப்பாவாகிவிடும். கம்ப்யூட்டர் ஒன்பது இலக்கம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். மேற்கொண்டு கேட்காது.

நான் அந்த மேஜையில் ஆறு வருஷமாக நின்றேன். ஒன்பதாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவள். அடுப்பை அணைத்தேனா என்று மண்ணூர் பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வீட்டுக்கு ஓடுகிற ஆள். அதனால் ஒவ்வொரு எண்ணையும் மூன்று தடவை பார்ப்பேன். விரலை வைத்து ஒவ்வொரு இலக்கமாக நகர்த்துவேன். ஆறு வருஷத்தில் என்னைப் பற்றி யாரும் புகார் சொன்னதில்லை. பாராட்டியதும் இல்லை.

அவள் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவள். என்னைவிடப் பத்து வயது சிறியவள். மண்ணூரிலேயே, எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, நான்கு பெண்களோடு ஓர் அறையில் இருந்தாள். பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் இது புகார் மாதிரி ஆகிவிடுமோ, மன்னிப்பு மாதிரி ஆகிவிடுமோ என்று இரண்டுக்கும் எனக்குப் பயம்.

வந்த பத்தாம் நாள் நான் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு ஸ்டிக்கரை மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தலைகீழாகப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுல ஒண்ணு பொருந்தல" என்றாள். தூக்கிப் பார்த்தால் பொறித்திருப்பது மூன்று, நான் அடித்திருப்பது எட்டு. அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் அங்கே நின்றிருந்தார்.

"இன்னாம்மா, டப்பாவைத் தொடாமலே சொல்றே! கண்ணுல ஸ்கேனர் வச்சிக்கினு வந்தியா?"

அதற்கப்புறம் யார் வந்து லைனைச் சுற்றிப் பார்த்தாலும் அவர் எங்கள் மேஜையில் நிற்பார். "இந்தப் பொண்ணு பார்த்தாலே சொல்லிடும்." இந்தப் பொண்ணு. பக்கத்தில் ஆறு வருஷமாக நிற்கிற நான் மேஜையின் கால் மாதிரி.

கம்பெனி பஸ்ஸில் அவள் என் பக்கத்தில்தான் உட்காருவாள். ஜன்னல் இருக்கையை நான் விட்டுத்தருவேன், கண்டெய்னர் லாரிகளின் எண்களைப் பார்க்க அவளுக்கு ஜன்னல் வேண்டும். வல்லக்கோட்டைக் கோயிலில் கிருத்திகைக் கூட்டம் இருந்த ஒருநாள் ரோடு அடைத்துக்கொண்டு பஸ் நகரவில்லை. எல்லோரும் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தோம். இவள் மட்டும் திடீரென்று எழுந்து நின்றுவிட்டாள்.

"அக்கா! அங்க பாருங்க, நாலாயிரத்து அறுநூத்தி நாப்பத்தொம்பது!"

முன்னால் நின்ற டிரெய்லரின் நம்பர். 4649.

"அதுக்கு இன்னா?"

"அதை இருநூத்தி முப்பத்தொம்பதால பெருக்குனா வரிசையா ஏழு ஒண்ணு வரும்க்கா. வெறும் ஒண்ணு. பதினொரு லட்சத்துப் பதினோராயிரத்து நூத்திப் பதினொண்ணு. பன்னெண்டாப்பு லீவுல ரெண்டு நாளு உக்காந்து அதை உடைச்சேன். அதுல பாதி ரோட்டுல வந்து நிக்கி பாருங்க!"

பஸ்ஸே சிரித்தது. "ஏய், இறங்கிப் போய் டிரைவர்கிட்ட சொல்லு, ஸ்வீட் குடுப்பான்" என்றது பின் இருக்கை. அவளும் சிரித்தாள், கண் மட்டும் அந்த லாரியை விடவில்லை. வீட்டுக்குப் போய்ச் செல்போனில் பெருக்கிப் பார்த்தேன். ஏழு ஒன்று. வரிசையாக. கம்பி போட்ட மாதிரி.

அவளுடைய அறிவைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்று அன்றுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அது இல்லை. ரோட்டில் போகிற லாரி அவளுக்குச் சந்தோஷம் கொடுக்கிறது. எனக்கு அந்த ரோட்டில் தாமதம் மட்டும்தான் இருந்தது.

சர்ச்சிலும் அவள்தான். எங்கள் சபை சின்னது. ஆராதனைக்கு முன்னால் பாட வேண்டிய பாட்டுகளின் எண்களைப் பலகையில் மாட்டிவைப்பார்கள். தாயும் தகப்பனும் இல்லாத, வேறு எந்த எண்ணாலும் வகுபடாத எண்களை அவள் ஒண்டிக்கட்டை என்பாள்; பள்ளிக்கூடத்தில் பகா எண் என்று சொல்லிக்கொடுத்தது எனக்கும் மங்கலாக நினைவிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பலகையில் 91. சபைப் போதகர் ஐயர் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருக்கிறார், இவள் என் காதில், "தொண்ணூத்தொண்ணு ஏமாத்துக்காரன்க்கா. பாத்தா ஒண்டிக்கட்டை கணக்கா நிக்கும். உள்ள ஏழும் பதிமூணும் ஒளிஞ்சிருக்கு" என்றாள். நான் சிரித்துவிட்டேன், சத்தமாக. ஐயர் கண்ணைத் திறந்து பார்த்தது என்னைத்தான். அடுத்த மாதம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கச் சொல்லி அவளைக் கேட்டார். நான் அந்தச் சபையில் ஞானஸ்நானம் எடுத்தவள்.

கேண்டீனில் டீ குடிக்கும்போது வித்தை காட்டுவாள். "மூணு இலக்கத்துல ஒரு நம்பர் சொல்லுங்க. அதையே பக்கத்துல இன்னொரு தடவ எழுதுங்க. இப்ப ஏழால வகுங்க, அப்புறம் பதினொண்ணு, அப்புறம் பதிமூணு." யாரோ 508 என்றார்கள். 508508. வகுத்துக்கொண்டே போனால் கடைசியில் பழைய 508 வந்து நின்றது. என் வீட்டுக்காரரிடம் இதைச் செய்துகாட்டலாம் என்று சாயங்காலம் ஆரம்பித்தேன். ஏழு சரி, பதினொன்று சரி, மூன்றாவது எது என்று மறந்துபோய்ப் பன்னிரண்டு என்றேன். புள்ளி வைத்து மூன்று மூன்றாகக் கொட்டியது செல்போன்.

"இன்னா வித்தை இது? பீங்கான் ஒடஞ்ச மாதிரி கீது" என்றார் அவர். "நீ அந்தப் பொண்ணையே நெனச்சிக்கினு கீற. கொழம்புல உப்பு ரெண்டு தபா போட்டுட்ட, பாரு."

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் மேஜைக்கு ஒரே ஒரு நிரந்தர ஆள் என்று முடிவானது. நாங்கள் இரண்டு பேருமே ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர்கள். ஒருத்தியைக் கம்பெனி ஆளாக எடுத்துக்கொள்வார்கள், இன்னொருத்தி ஒப்பந்தம் முடிந்ததும் போகவேண்டியதுதான். எனக்கு மண்ணூரை விட்டால் வேறு ஊர் இல்லை. முப்பத்தைந்து வயதுக்குமேல் புதிதாக எந்தக் கம்பெனி கேட்டிலும் சேர்ப்பதில்லை. அந்த ஒரு இடம் போனால் எனக்கு லைனே இல்லை.

சூப்பர்வைசர் ஒரு நோட்டு போட்டார். தப்பாக அடித்து வீணாகிற ஸ்டிக்கரை அதில் ஒட்டவேண்டும். இடது பக்கம் என்னுடையது, வலது பக்கம் அவளுடையது. கம்ப்யூட்டரை வைத்து யார் என்ன அடித்தார்கள் என்று சொல்லமுடியாது. வேலையை விட்டுப்போன ஒரு பெண்ணின் லாகினில்தான் எல்லா ஷிப்டும் அடித்துக்கொண்டிருந்தோம். அதனால் நோட்டுதான் சாட்சி. "ரெண்டு மாசம் பார்ப்போம். எந்தப் பக்கம் ஒட்டினது கம்மியோ, அவங்க" என்றார். ஒரு மாதம் முடிந்தபோது என் பக்கத்தில் நான்கு. அவள் பக்கம் வெள்ளைத்தாள்.

நான் அவள் உதட்டைப் பார்க்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு ஸ்டிக்கருக்கும் உதடு அசையும். "ஒம்போது, போ. ஒம்போது, போ." எண்களை வெளியே எழுதிக்கொண்டு போக விடமாட்டார்கள், செல்போனும் கேட்டிலேயே. கையுறைக்கு உள்ளே மணிக்கட்டில் பேனாவால் ஐந்து எண்களை எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். காலண்டர் தாளின் பின்பக்கம் கூட்டிப்பார்த்தேன். ஒன்றில் இலக்கங்களைக் கூட்டினால் 36. இன்னொன்றில் 27. 45. 36. மறுபடி 36. எல்லாமே ஒன்பதில் போகிறது! எந்த எண் எங்கள் மேஜைக்கு வந்தாலும் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடும்படி யாரோ எங்கேயோ உட்கார்ந்து செய்து அனுப்பியிருக்கிறார்கள். ஒரு இலக்கத்தைத் தப்பாக அடித்தால் கூட்டுத்தொகை கெட்டுவிடும். அவள் கண்ணில் ஸ்கேனர் இல்லை, இதுதான் இருந்தது.

மறுநாள் சூப்பர்வைசரிடம் நானே கண்டுபிடித்ததுபோலச் சொன்னேன். "சார், நம்ம நம்பர் எல்லாத்தையும் கூட்டினா ஒம்போதுலதான் போவுது."

அவர் இரண்டு மூன்றைக் கூட்டிப்பார்த்தார். "அட, ஆமா! இத்தினி நாள் இன்னா பண்ணிக்கினு இருந்தோம்?"

அவள் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். "ஆமா சார், அக்கா சரியாச் சொல்லுதாங்க" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லாமல் விட்டதற்கும் சேர்த்து எனக்கு அவள்மேல் கோபம் வந்தது.

மதியம் பக்கத்தில் வந்து, "அக்கா, ஒம்போது மட்டும் போதாதுக்கா. பதினொண்ணு..." என்று ஆரம்பித்தாள்.

"எனக்குத் தெரியும். நீ உன் வேலையைப் பாரு" என்றேன்.

எனக்குத் தெரியாது. பதினொன்று என்ன என்று அப்போது கேட்டிருந்தால் அரை நிமிஷம் ஆகியிருக்கும்.

மூன்று தடவை விரல் வைத்துப் பார்க்கும் பழக்கத்தை விட்டேன். கூட்டினேன், ஒன்பதில் போனால் ஒட்டினேன். வேகம் வந்தது. என் பக்கத்தில் நான்கு நான்காகவே நின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாக அடுப்பை அணைத்தேனா என்று யோசிக்காமல் பஸ் ஏறினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஷிப்ட் முடிய அரை மணி. தட்டுகளைத் தள்ளிக்கொண்டுபோக டிராலி வந்து நிற்கிறது. நான் கடைசியாக ஒட்டி அடுக்கிய டப்பாவை அவள் பார்த்தாள். ஸ்டிக்கரில் 461087343.

"அக்கா, இதை வெளிய எடுங்க. ரெண்டு பேரு இடம் மாறி உக்காந்திருக்காங்க."

"கூட்டிப் பாரு. முப்பத்தாறு. ஒம்போதுல போவுது."

"முப்பத்தாறு சரிதான்க்கா. இடம் மாறுனா கூட்டுத்தொகை மாறாதுல்லா? ஒம்போதுக்கு யாரெல்லாம் வந்திருக்காங்கன்னுதான் தெரியும். யாரு எங்க உக்காந்திருக்காங்கன்னு தெரியாது. பதினொண்ணுக்குத்தான் அது..."

"போதும்."

"டப்பாவைத் தூக்கி அடியில ஒருக்கா பாருங்க. அவ்வளவுதான்."

தூக்கிப் பார்த்திருக்கலாம். பார்த்து, தப்பாக இருந்தால், என் பக்கத்தில் ஐந்தாவது ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். அதுவும் அவள் கண்டுபிடித்துச் சொல்லி. அவள் கை டப்பாவை நோக்கி வந்தது.

"என் தட்டைத் தொடாதே. என்னைக் கவுக்கத்தானே பாக்குற? எடுத்துக்கினு போப்பா" என்று டிராலிக்காரரிடம் சொன்னேன்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். டிராலி போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பஸ்ஸில் அன்று அவள் பின்னால் உட்கார்ந்தாள். ஜன்னல் எனக்குக் கிடைத்தது.

இரண்டாவது மாதம் முடிய நான்கு நாள் இருந்தபோது அந்த டப்பா திரும்பி வந்தது. வாங்குகிற கம்பெனியில் ஸ்டிக்கரையும் பொறித்த எண்ணையும் ஒத்துப்பார்த்து, பொருந்தாமல், கடிதத்தோடு திருப்பியிருந்தார்கள். சூப்பர்வைசர் மேஜையில் அதைக் கவிழ்த்து வைத்தார். அடியில் 461078343. எட்டும் ஏழும். நான் அடித்தபோது இடம் மாறியிருந்தது.

ஸ்டிக்கரை நகத்தால் உரித்து விரல் நுனியில் வைத்துக்கொண்டு நோட்டைத் திறந்தார். இடது பக்கம் நான்கு. வலது பக்கம் வெள்ளை.

"எந்தப் பக்கம்மா இதை ஒட்டட்டும்?"

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. ஒரு எண்ணைப் பார்க்கிற மாதிரி, இது எதிலாவது வகுபடுமா என்று நிதானமாகப் பார்த்தாள். நான் பேசுவேன் என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது. நான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சார், இது தப்புன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள் அவள்.

"தெரிஞ்சா? தெரிஞ்சுமா அனுப்பினே?"

"ஆமா சார். தட்டு போகும்போது பாத்துக்கிட்டுதான் நின்னேன்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சூப்பர்வைசருக்கு முகம் கறுத்துவிட்டது. "தெரியாம செஞ்சா தப்பு. தெரிஞ்சு செஞ்சா அதுக்குப் பேரு வேற. உன்னைப் போய் எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிக்கினு இருந்தேனே." ஸ்டிக்கரை வலது பக்கம் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். என் நான்கும் கம்பெனிக்குள்ளேயே பிடிபட்டவை, இது வெளியே போன தப்பு. இதற்குமேல் எண்ணிப்பார்க்க ஒன்றும் இல்லை.

மாதம் முடிந்தது. நான் கம்பெனி ஆளானேன். அவளுடைய ஒப்பந்தத்தை அவர்கள் புதுப்பிக்கவில்லை.

ஒசூரில் வேலை கிடைத்துக் கிளம்புகிற அன்று காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். எப்போதோ நான் மீன்குழம்பு ஊற்றிக் கொடுத்திருந்த தூக்குச்சட்டி கையில். வெறுமையாகத் தரக்கூடாது என்று அவள் ஊர்த் தின்பண்டம், கொஞ்சம் சீவல் போட்டிருந்தாள்.

"ஏன் சொல்லல நீ?" என்றேன். அதைத்தான் கேட்கமுடிந்தது. "அக்காதான் அடிச்சாங்கன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்க சொல்வீங்கன்னு நெனச்சேன்க்கா. நீங்க சொல்லல. நான் பாத்ததைச் சொன்னேன்." தூக்குச்சட்டியை வாசற்படியில் வைத்தாள். "அன்னைக்கு முழுசாச் சொல்ல விடல. இப்பச் சொல்லட்டா?"

கையில் கிடைத்த கேஸ் சிலிண்டர் புத்தகத்தை எடுத்து நீட்டினேன். அதன் பின் அட்டையில் எழுதினாள். 461087343.

"ஒண்ணு விட்டு ஒண்ணா ரெண்டு கட்சி பிரிங்க. இந்தக் கட்சி நாலு, ஒண்ணு, எட்டு, மூணு, மூணு. பத்தொம்பது. அந்தக் கட்சி ஆறு, சைபர், ஏழு, நாலு. பதினேழு. ரெண்டு கட்சியும் சமமா நிக்கணும். இல்லன்னா வித்தியாசம் பதினொண்ணா இருக்கணும். நம்ம மேஜைக்கு வந்த எல்லா நம்பரும் அப்படித்தான். இதுல பாருங்க, ரெண்டு மிச்சம். இப்ப எட்டையும் ஏழையும் அவங்கவங்க இடத்துல உக்கார வைங்க. பதினெட்டு, பதினெட்டு." பேனாவை மூடினாள். "பக்கத்துப் பக்கத்துல இருக்க ரெண்டு பேரு இடம் மாறினா பதினொண்ணுகிட்ட தப்பவே முடியாதுக்கா."

வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அதை எனக்குக் குத்திக்காட்டச் சொன்னாளா, கணக்காகத்தான் சொன்னாளா என்று இன்றுவரை தெரியவில்லை. கணக்காகத்தான் சொல்லியிருப்பாள். அதுதான் தாங்கவில்லை.

இப்போது எல்லா எண்ணுக்கும் ஒன்பதும் பார்க்கிறேன், பதினொன்றும் பார்க்கிறேன். போன மாதம் அடுத்த ஷிப்ட்காரி அடித்ததில் இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்ததை டப்பாவைத் தொடாமலே சொன்னேன். வெளியிலிருந்து ஆள் வந்தால் சூப்பர்வைசர் என் மேஜையில் நிற்கிறார். "இந்தம்மா பார்த்தாலே சொல்லிடும்" என்கிறார். நான் எந்தச் சொல்லுக்கு ஏங்கினேனோ அதே சொல். வரும்போதெல்லாம் அது என்னைத் தாண்டி, பக்கத்தில் யாரும் நிற்காத இடத்தில் போய் விழுகிறது. ஒசூரில் அவள் இப்போது எந்த ஜன்னலோரம் உட்கார்ந்து எந்த லாரியைப் பார்த்து எழுந்து நிற்கிறாளோ என்று நினைக்கும்போது பழைய பொறாமைதான் வருகிறது, கொஞ்சமும் குறையாமல். இத்தனை ஆயிரம் எண்களைக் கூட்டியும் ஒன்றைப் பார்த்தும் எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

அந்த நோட்டு இன்னும் மேஜை டிராயரில் இருக்கிறது. தூக்கிப்போட யாரும் சொல்லவில்லை. இடது பக்கம் நான்கு, வலது பக்கம் ஒன்று. ஒரு இடம், ஒரு ஆள்; மேலிருந்து எண்ணுகிறவர்களுக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஷிப்ட் தொடங்கும் முன் நான் அதைத் திறந்து, வலது பக்கத்து ஸ்டிக்கரை மட்டும் ஒன்று விட்டு ஒன்றாகக் கூட்டிப்பார்க்கிறேன். பத்தொன்பது. பதினேழு. தினமும் இரண்டு மிச்சம்.